மேரக்காய்க்கு ஏலம் கேட்க ஆளில்லை

குன்னூர்,
நவம்பர், திங்கட்கிழமை

அன்பு மகன் ஜெர்சனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே நான் நடமாடிக்கொண்டு சுகமாக இருக்கிறேன், நீயும் மருமகள் ஷைனாவும் அங்கே சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க ஜெபிக்கிறேன். காகிதத்தைத் திருப்பிப் பார்த்துத் திகைக்காதே, தேயிலைக் கம்பெனி அனுப்பிய ஆண்டறிக்கையின் பின்பக்கம் சும்மாதானே கிடக்கிறது. டக்ளஸ் மாமா மகள் லோயிஸ் லீவு முடிந்து உங்கள் டொராண்டோவுக்குத் திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்பினால் தபால் செலவும் இல்லை.

குளிர் ஆரம்பித்துவிட்டது. நீ அனுப்பிய ஹீட்டர் பெட்டி பிரிக்காமல் பத்திரமாக இருக்கிறது. காலையில் பங்குத் தரகர் தினகரன் ஆபீஸுக்குப் போய்விடுவேன், அங்கே ஹீட்டர் ஓடுகிறது, பேப்பர் படிக்கலாம், டீயும் தருகிறான். ஓசி டீ என்று ஊர் சிரிக்கிறதாம். அந்தத் தேயிலைக் கம்பெனியில் எனக்குப் பங்கு இருக்கும்போது அது என் டீ இல்லையா? ஊட்டி ரோட்டு பங்களாவையும் வாங்கி வாடகைக்கு விட்டுவிட்டேன், ஒரு ஆளுக்குப் பழைய வீடும் ஒரு பல்பும் போதும். எல்லாம் உனக்காகத்தான். டிசம்பரில் டிக்கெட் கொள்ளை விலை, பிப்ரவரியில் வா என்று வருஷா வருஷம் சொல்வேன், உனக்குப் பிப்ரவரியில் லீவு கிடையாது. இந்த வருஷம் வரட்டுமா என்று நீ கேட்கவே இல்லை, பிள்ளை சிக்கனத்தில் தேறிவிட்டான் என்று முதலில் சந்தோஷப்பட்டேன்.

நேற்று கோயிலில் அறுப்பின் பண்டிகை. இத்தனை வருஷம் காணிக்கை ஏலத்துக்கு ஒரு காய்கூடக் கொடுக்காமல் தப்பித்தவள், இந்தத் தடவை போதகர் வீட்டுக்கே வந்து நின்றதால் வேலியில் காய்த்த மேரக்காயில், அதுதான் ஷைனா சௌசௌ என்பாளே, அதில் பெரியதாக ஒன்று பறித்துக் கொடுத்தேன். நம் கோயில் வழக்கம் உனக்குத் தெரியுமே, கொடுத்தவர் வீட்டுப் பிள்ளைதான் முதலில் ஏலம் கேட்க வேண்டும், அப்புறம்தான் மற்றவர்கள். டக்ளஸ் மாமா முட்டைக்கோஸுக்கு லோயிஸ் கேட்டாள், பிறகு ஆளாளுக்குப் போட்டி போட்டு, நல்ல கம்பெனிப் பங்கு விலைக்கு ஏற்றிவிட்டார்கள். அடுத்து ஏலம் போடும் பெனிஸ் என் மேரக்காயைத் தூக்கிப் பிடித்தான். எல்லோரும் திரும்பி என் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார்கள். நானே கையைத் தூக்கினேன். ஏனுங்கம்மா, உங்கூட்டுச் சாமானுக்கு நீங்களே கேட்டா எப்படிங்க என்றான். கோயிலே சிரித்தது, நானும் சிரித்தேன். கடைசியில் அதை என் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

வீணாக்காமல் கூட்டு வைத்தேன். தட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன் ஜெர்சன். கேட்க ஆள் இல்லையென்றால் எதற்கும் விலை இல்லை, என்னைவிட இது யாருக்குத் தெரியும்.

ஷைனாவைக் கோபிக்காதே, வேளைக்குச் சாப்பிடு. ஆண்டவர் உங்கள் இருவரையும் கண்ணின் மணியாகக் காக்கட்டும். மறக்காமல் இந்த டிசம்பரிலேயே வா. டிக்கெட் என்ன விலை என்று மட்டும் என்னிடம் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
ஈவ்லின்