தாண்டாத நாடா

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? அப்பா வேளைக்கு மாத்திரை போடுகிறாரா? நான் நலம். போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிறு விடியுமுன், ஆபீஸ்காரர்களோடு இந்த ஃபின்லாந்துப் பனிக்காட்டில் நெடுந்தூரம் ஓடப் போனேன். மரம் வெட்டுகிறவர்கள் பாதையின் குறுக்கே முழங்கால் உயரத்தில் நீளமாக ஓர் எச்சரிக்கை நாடா கட்டியிருந்தார்கள். எல்லோரும் தாண்டிக் குதித்து ஓடிவிட்டார்கள். கடைசியாக வந்த எனக்குக் கால் எழவில்லை. நம் பிள்ளையார்பாளையத்துத் தெருவில் தறிக்கான பட்டுப் பாவு நூலை நீட்டிக் கட்டியிருக்கும்போது நீ கத்துவாயே, "ஏய், பாவைத் தாண்டாதடி! சுத்திக்கினு வா!" என்று. நானும் நாடா முடிகிற இடம்வரை சுற்றப் போனேன். அது காட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தது. நெற்றி விளக்கு அணைந்துவிட்டது. கத்திக் கூப்பிட்டேன், பதில் இல்லை. மரத்துப்போன விரல்களால் அந்த நாடாவையே பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பினேன். என்னைத் தேடி வந்த தோழி லேனா அந்தப் பக்கமிருந்து கை நீட்டினாள். அப்போதும் தாண்டவில்லை, பனியில் தவழ்ந்து அடியில் நுழைந்தேன்.

வெறும் ஜலதோஷம்தான், பயப்படாதே. அப்பாவிடம் சொல்லாதே. மிளகாய்த்தூளும் சுக்குப்பொடியும் அனுப்பு. அடுத்த முறை பாவு போடும்போது போனில் வீடியோ எடுத்து அனுப்பும்மா. பாவு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. யாரையாவது நீ திட்டுகிற சத்தம் கேட்டால் போதும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன் புவனா