உணவில் சேராதது

12 ஜூன் 2006, திங்கள்
பள்ளி திறந்து ஒரு வாரம் ஆகிறது. ஆறாம் வகுப்புக்குப் பின்னம் எடுக்கும்போது பிள்ளைகள் என்னை வில்லியைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். கல்பாக்கம் பள்ளியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் என் பெண் ஹம்சினி மறுபடியும் தலைவலி என்றாள். இந்த மாதத்தில் நாலாவது தடவையோ ஐந்தாவதோ. கண்ணாடி போட வேண்டியிருக்குமோ? சனிக்கிழமை செங்கல்பட்டுக்குக் குழந்தைகள் டாக்டர் சாராளிடம் அழைத்துப் போகவேண்டும். இவர் வரமாட்டார். கோயில் மடப்பள்ளியை விட்டு ஒரு நாள் நகர்ந்தால் பெருமாள் பட்டினி கிடப்பார் என்று நினைப்பு. "பட்டாபி கைப் புளியோதரை" என்று மகாபலிபுரமே சொல்லிச் சொல்லி இவருக்குத் தலை கனத்துவிட்டது.

17 ஜூன், சனி
கண்ணில் ஒன்றும் இல்லை. ரத்த அழுத்தமாம். பதினோரு வயதுக் குழந்தைக்கு!

நர்ஸ் வேண்டா, "இன்னாத்துக்கு பாப்பா பயப்படுறே, கைய லூசா வுடு" என்று சொல்லி மூன்று தடவை பட்டையைச் சுற்றிப் பார்த்தாள். 128க்கு 84. எனக்கே அவ்வளவு கிடையாது.

"இவ எத்தனை மாசத்துல பிறந்தா?" இதுதான் டாக்டரின் முதல் கேள்வி. ஏழாம் மாதம், முப்பது வாரம், ஒன்றே கால் கிலோ என்றேன். அதெல்லாம் தாண்டி வந்தாச்சே, இனி மற்ற குழந்தைகள் மாதிரிதான் என்று அன்றைக்கே சொல்லி அனுப்பிவிட்டார்களே என்றும் சொன்னேன்.

"பிழைச்சு வந்தது பெரிய விஷயம்தாம்மா. ஆனா சிறுநீரகத்துல வடிகட்டுற சின்னச் சின்ன உறுப்பெல்லாம் கடைசி மாசங்கள்லதான் பாதிக்கு மேல உண்டாகும். இவ அதுக்குள்ள வெளிய வந்துட்டா. இருக்கிற கொஞ்சத்தை வெச்சுக்கிட்டு அது வேலை செய்யுது. அதனால அழுத்தம் ஏறலாம். ஏறினபடியே வருஷக்கணக்கா இருந்தா சிறுநீரகமும் கெடும், இதயத்துச் சுவரும் தடிச்சுப்போகும்."

குறைமாதத்தில் பிறந்த எல்லாருக்கும் இப்படி வருவதில்லையாம். வந்தாலும் வெளியே தெரியாதாம். ஸ்கேன், எக்கோ எல்லாம் முடிய சாயங்காலம் ஆகிவிட்டது. சிறுநீரகம் இரண்டும் வயதுக்குக் கொஞ்சம் சின்னது. இதயம் இதுவரை நன்றாக இருக்கிறது. இதுவரை — அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

உப்பைப் பாதிக்கும் கீழே குறைக்க வேண்டும். மூன்று மாதம் பார்ப்பார். இறங்காவிட்டால் தினமும் மாத்திரை. எத்தனை வருஷத்துக்கு என்று கேட்டேன். "இப்ப சொல்ல முடியாது" என்றார்.

18 ஜூன்
ஊறுகாய் ஜாடி, அப்பளக்கட்டு, மோர்மிளகாய் எல்லாவற்றையும் எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அவர்களுக்கு ஒரே சந்தோஷம்.

2 ஜூலை
ரசம் வெந்நீர் மாதிரி இருக்கிறது. இவர் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுப் போகிறார். திட்டினாலாவது தேவலை.

15 ஆகஸ்ட்
கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். மிட்டாயில் உப்பு இருக்குமா என்று ஹம்சினி கேட்டாள். சிரித்துவிட்டேன். பிறகு இல்லை என்று சொல்லி என் மிட்டாயையும் அவளிடமே கொடுத்தேன்.

23 செப்டம்பர், சனி
130க்கு 84. இறங்கவில்லை. சிறுநீரில் புரதம் லேசாகத் தெரிகிறதாம்.

டாக்டர் கேட்டார்: "வெளியில ஏதாவது சாப்பிடுறாளா? சிப்ஸ், ஹோட்டல், பிஸ்கட்?" ஒன்றுமே இல்லை என்றேன். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்னென்ன சாப்பிடுகிறாள் என்று பாடம் ஒப்பிப்பது போல் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றபடிதான்னா இறங்கியிருக்கணும்மா. எங்கேயோ உப்பு போகுது. டிசம்பர் முதல் வாரம் வாங்க, அதுக்கு மேல தள்ள மாட்டேன்."

புரட்டாசி சனிக்கிழமை. இவரிடம் சொல்லலாம் என்றால் ராத்திரிவரை கோயிலில் கூட்டம்.

24 செப்டம்பர்
ஹம்சினியின் பையைக் கொட்டிக் கவிழ்த்துப் பார்த்தேன். ஜாமெட்ரி பெட்டி, பாதி தின்ற அழிரப்பர், அவ்வளவுதான். கேன்டீனில் யாராவது வாங்கித் தருகிறார்களா என்று மிரட்டினேன். "சத்தியமா இல்லம்மா" என்று அழுதாள். நீ பொய் சொல்றே என்றேன். சொல்லிவிட்டேன். சாப்பிடாமலே தூங்கிப்போனாள்.

7 அக்டோபர், சனி
பரீட்சைத் தாள், டியூஷன் என்று நான் கோயில் பக்கம் போயே மாதக்கணக்காகிறது. இன்றைக்குத்தான் போனேன். சேவித்துவிட்டு வந்து மற்றவர்களோடு வரிசையில் நின்றேன். இவர் என் கையிலும் புளியோதரை வைத்தார். வாயில் போட்டேன்.

ஒரே உப்பு. தொண்டையில் இறங்கவே மாட்டேன் என்றது. பக்கத்தில் எல்லாரும் "ஆஹா, பட்டாபி!" என்று சப்புக்கொட்டிச் சாப்பிடுகிறார்கள். மூன்று மாதம் வெந்நீர் ரசம் குடித்த நாக்குக்குத்தான் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் மடப்பள்ளி வாசலில் ஹம்சினி. அவளுக்கென்று எடுத்துவைத்த தொன்னை, நிறைய. விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தினமும் விளக்கு வைத்ததும் அவள் சாப்பிடுவதுதான். எனக்குத் தெரியாததா? தெரியும். டாக்டர் கேட்டபோது நினைவுக்கே வரவில்லையே! பிரசாதத்தை யாராவது சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பார்களா?

குழந்தையைப் போய்ப் பொய் சொல்கிறாய் என்றேனே.

8 அக்டோபர், ஞாயிறு
சண்டை.

உப்பைக் குறைத்துப் போடுங்கோ என்றேன். இவருக்கு வந்ததே கோபம். "பெருமாள் அமுது செய்யறதுக்கு முன்னாடி நான் ருசி பார்க்க முடியுமோ? எங்கப்பா கை அளவு, அவரோட அப்பா கை அளவு. அதை மாத்தறதுக்கு நான் யாரு?" சரி, இவளுக்காவது கொடுக்காதீர்கள் என்றேன். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பதினோரு வருஷமாக என்னிடம் சொல்லாததை அப்போதுதான் சொன்னார். "அவ கண்ணாடிப் பெட்டிக்குள்ள குழாயும் கையுமா கிடந்தாளே, அப்போ நான் வேண்டிண்டேன் காமு. பிழைச்சுட்டா ஒரு நாள் விடாம உன் சன்னிதியில வந்து பிரசாதம் வாங்கிப்பான்னு. பெருமாள் தன் வார்த்தையைக் காப்பாத்திட்டார். நான் தவறட்டுமா?"

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "ஏன்னா, அளவு சொல்லி வேண்டிண்டேளா?" என்று கேட்டேன்.

இவர் அங்கவஸ்திரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டார்.

11 அக்டோபர்
இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஹம்சினியிடம் மட்டும் "சனிக்கிழமை நான் சொல்றபடி வா" என்று சொன்னாராம். எதற்கு என்று எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது.

14 அக்டோபர், சனி
புரட்டாசி கடைசிச் சனி. கூட்டம் தெருவரை நின்றது. ஹம்சினி மடப்பள்ளி வாசலுக்குப் போகாமல் வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள். அப்படித்தான் வரச் சொன்னாராம். அவள் முறை வந்தது. இவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். விரல் நுனியில் நாலே நாலு பருக்கை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டாள். இன்னும் கொஞ்சம் என்பது மாதிரி கை நீண்டபடியே இருந்தது. இவர் அவளைப் பார்க்காமல், "அடுத்தவா வாங்கோ" என்று சத்தமாகச் சொன்னார். குரல் உடைந்தது. கூட்டத்தில் அதை யார் கவனிக்கப் போகிறார்கள்?

கல்யாணமான அன்றைக்கு அல்ல, இன்றைக்குத்தான் எனக்கு இவர் மேல் பிரியம் வந்தது என்று எழுதினால் யாராவது படித்தால் சிரிப்பார்கள். எழுதிவிட்டேன்.

29 அக்டோபர்
பள்ளியிலிருந்து வரும்போதே பசியாம். அவல், வாழைப்பழம். உப்பில்லாமல் கடலை வேகவைத்துக் கொடுத்தேன், மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு தின்றாள்.

20 நவம்பர்
இரண்டு வாரமாகத் தலைவலி இல்லை. யாரிடமும் சொல்லவில்லை.

2 டிசம்பர், சனி
கேட்காமலே இவர் கிளம்பிவிட்டார். மடப்பள்ளியைத் தம்பி பையனிடம் ஒப்படைத்துவிட்டு, வேஷ்டி மடிப்புக் கலையாமல் செங்கல்பட்டு பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டார். டாக்டர் அறையில் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார்.

114க்கு 72. வேண்டா மறுபடி ஒரு தரம் பார்த்தாள். அதேதான். சிறுநீரில் புரதம் இல்லை. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம். "சரியாப் போச்சுன்னு விட்டுடாதீங்க. வருஷா வருஷம் பார்க்கணும். பெரியவளாகி, கல்யாணம் ஆகி, குழந்தை பெத்துக்கிறப்பவும் நான் முப்பது வாரத்துல பிறந்தவன்னு இவ டாக்டர்கிட்ட சொல்லணும்." ஹம்சினி பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினாள்.

பிறகு டாக்டர் பேனாவை எடுத்துக்கொண்டு, தினமும் என்ன சாப்பிடுகிறாள் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் ஆரம்பித்தார். காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் இன்னது, பள்ளிவிட்டு வந்ததும் இன்னது. எல்லாம் சொல்லிவிட்டு டாக்டரின் பேனாவைப் பார்த்தார்.

"சாயங்காலம் நாலு பருக்கை புளியோதரை. உப்பு போட்டது. நான்தான் கொடுக்கறேன். அதையும் எழுதிக்கோங்கோ."

டாக்டர் எழுதிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் ஹம்சினி என் மடியில் தூங்கிவிட்டாள். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை இவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு மெதுவாக, "பெருமாள் கோச்சுக்க மாட்டார், இல்லையோ?" என்று கேட்டார்.

மாட்டார் என்றேன். எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் சொன்னேன்.