பதினெட்டாம் தேதிக்கு முன்

அன்பு மகள் மயேலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், ஜூரா மலையில் பனி இறங்கிவிட்டது, அப்பாவின் முழங்கால் அதை முதல் நாளே சொல்லிவிட்டது. நீ சுகமாக இல்லை என்பது, போனில் சொல்லாமல் ஜப்பானிலிருந்து காகிதத்தில் எழுதினாயே, அப்போதே தெரிந்துவிட்டது.

அணுவுக்குள் இருக்கும் குவார்க் என்ற நுண்பொருள்களில் கனமான சார்ம் வகை இரண்டும் லேசானவை இரண்டும் சேர்ந்த, நீ தேடும் துகள், வரைபடத்தில் சின்ன மேடாகத் தெரியும் என்று போன கிறிஸ்துமஸுக்கு மேசைத் துணியிலேயே பேனாவால் வரைந்து காட்டினாய், எத்தனை துவைத்தும் அது போகவில்லை. தரவைச் சலிக்கும் முறையை எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை மேடு வரக்கூடிய அந்த இடத்தை யாரும் பார்க்கக் கூடாது என்பது உங்கள் வழக்கம். நீ பார்த்துவிட்டாய், பார்த்த பிறகு சல்லடையைக் கொஞ்சம் இறுக்கினாய், மேடு உயர்ந்தது. பதினெட்டாம் தேதி எல்லோர் முன்னும் அந்த இடத்தைத் திறக்கப்போகிறார்கள், நீ செய்தது யாருக்கும் தெரியாது, சொல்லவா வேண்டாமா என்று கேட்டிருக்கிறாய்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. இங்கே துகள்களை மோதவிடும் ஆய்வுக்கூடத்தின் சுரங்கத்தில் முப்பது வருடம் கேபிள் இழுத்தவர், "தப்பா மாட்டுன கேபிளை அன்னைக்கே சொன்னா பத்து நிமிஷ வேலை, மூடுனப்புறம்னா ஒரு வருஷம்" என்றார். "கழுத, சின்ன வயசுலயே பரிசுப் பொட்டலத்த ஓரத்துல கிழிச்சுப் பார்க்கிறவதானே" என்று சிரிக்கவும் செய்தார், ஆனால் சூப்பை அப்படியே வைத்துவிட்டார். நான் பரிமாறும் ஆய்வுக்கூடக் கேன்டீனுக்கு வருவாளே விஞ்ஞானி சோலாஞ்ச், அவளிடம் உன் பேரைச் சொல்லாமல் கேட்டேன். "எட்டிப் பார்க்காதவ யாருடி கொலெத்? பார்த்துட்டு வாயத் தொறக்காதவதான் ஆபத்து. நெசமான மேடுன்னா புதுத் தரவுலயும் நிக்கும். இன்னும் ரெண்டு உருளக்கிழங்கு போடு" என்றாள். புதுத் தரவு சேர ஒன்றரை வருடம் ஆகுமாம். உன் பட்டம் தள்ளிப்போகும், அதை உன்னிடம் மறைக்கமாட்டேன்.

நான் ஏன் பதினைந்து வயதில் பள்ளியை விட்டேன் என்று நீ கேட்கும்போதெல்லாம் வீட்டுக் கஷ்டம் என்பேன். கஷ்டமில்லை கண்ணே. கணக்கு வகுப்பில் புரியவில்லை என்று கை தூக்க வெட்கம். ஒரு நாள் தூக்கவில்லை, பிறகு ஒரு மாதம், அதற்குமேல் தூக்கினால் அத்தனை நாளும் வெளியே வந்துவிடும் என்ற பயம், கடைசியில் போவதையே நிறுத்திவிட்டேன். யாரும் என்னைத் துரத்தவில்லை.

நீ கை தூக்கு. குரல் நடுங்கினால் நடுங்கட்டும். கம்பளி உள்சட்டை அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள். சொன்ன அன்றே எங்களைக் கூப்பிடு. எங்கள் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. மேடு நின்றாலும் கரைந்தாலும் அந்த மேசைத் துணியை நான் மாற்றப்போவதில்லை, நீ வந்து அதில்தான் சாப்பிடுவாய்.

உன் அம்மா,
கொலெத்