அக்காவின் போனுக்கும் அதே பாதை

அக்கா,

இன்றைய இன்டர்வியூவில் படம் நின்றால் பதறி எழுந்துவிடாதே. நேற்று ஒத்திகையில் லேப்டாப் லேசாகத் திணறியதும் நீ போனுக்குத் தாவினாய். அங்கேதான் வினை. வீட்டு நெட்டைப் பிரித்துவிடும் ஃபயர்வால் பெட்டியிடம் உன் லேப்டாப்பை மட்டும்தான் வேகமான ஃபைபர் இணைப்பில் விடச் சொல்லியிருந்தேன். வீட்டில் மற்ற எல்லாமே மெதுவான செல்போன் டவர் இணைப்பில்தான் போகும். "ரெண்டு கனெக்‌ஷன் எதுக்குடா, அழகு பாக்கவா?" என்று நீ கத்த, "போனை யாரு எடுக்கச் சொன்னா?" என்று நானும் கத்த, நீ சாப்பிடாமலே படுத்துவிட்டாய்.

இப்போது உன் போனுக்கும் ஃபைபர்தான். ஃபைபரே அறுந்தாலும் ஃபயர்வால் தானாக உன்னை டவருக்கு மாற்றிவிடும். படம் கொஞ்சம் உறையும், அவ்வளவுதான். உறைவதானால் சிரித்த முகமாக உறைந்து தொலை.

சோறு சூடாக இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு உட்கார். இத்தனை வருஷம் கழித்து வேலை கேட்கும்போது வயிறு முந்திக்கொண்டு பேசக் கூடாது.

சாவி செருப்பு அலமாரி மேல்.

தம்பி

மறந்துவிட்டேன்: மாமா காலையில் வந்து, "மேட்ச் இருக்கு மாப்ளே, என் டிவியையும் நல்ல லைன்ல விடேன்" என்று கெஞ்சினார். அக்காவுக்கு இன்டர்வியூ, முடியாது என்றேன். "அட, இன்னிக்கா!" என்று நாக்கைக் கடித்துக்கொண்டு ரிமோட்டை என் பையில் திணித்துவிட்டார். அது என்னோடு ஆபீசுக்கு வருகிறது.