நுனிசைவம்

பிப்ரவரி 4

அன்புள்ள அப்பா,

நலம்தானே? இதைப் போனில் கேட்டிருக்கலாம். ஆனால் முதல் வரியிலேயே அம்மா பிடுங்கிக்கொள்வாள். உங்கள் பதில் என்னிடம் வந்து சேராது. அதனால் கடிதம்.

அச்சகத்தில் போன வாரம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு சமையல் புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் ‘நனிசைவம்’ என்று இருந்தது. தட்டச்சு செய்தவரின் கைத்தவறு என்று நினைத்து, எல்லா இடத்திலும் ‘இனி சைவம்’ என்று திருத்திவிட்டேன். புத்தகத்தை எழுதிய அம்மையார் நேரிலேயே வந்துவிட்டார். “ஏம்மா, நேத்து வரைக்கும் நான் ஆடு கோழின்னு வெளுத்துக் கட்டிட்டு, இன்னிக்குத்தான் திருந்தினேன்னா எழுதியிருக்கேன்?” என்றார்.

அது உண்மையான சொல்தானாம். இறைச்சி, முட்டை மட்டுமல்ல; பால், தயிர், வெண்ணெய், தேன்கூட இல்லாத சாப்பாடு. தண்டனைபோல் புத்தகத்தை மறுபடி முழுக்கப் படித்தேன். படித்ததிலிருந்து, ஒரு மாதம் அப்படி இருந்து பார்த்தால் என்ன என்று மனம் குடைகிறது. கொள்கை என்றெல்லாம் பெரிதாக இல்லை. எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் நான் பால்காரர் மகள். நான் பாலை நிறுத்தினால் அது உங்களைக் குறை சொல்வதுபோல் ஆகிவிடுமோ என்று தயக்கம். நீங்கள் வேண்டாம் என்றால் இந்த எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுவேன்.

இன்னொன்று. தொழுவத்தை ஒட்டிய அறையில் படுத்து வளர்ந்தும் உங்களிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கன்றைப் பிரித்தால் மாடு எத்தனை நாள் தேடும்?

உங்கள்
புத்தகப்புழு

•

பிப்ரவரி 13

அன்புள்ள புழுவுக்கு,

எல்லோரும் நலம். நம் மாடு கருப்பிக்குச் சினையில் இது கடைசி மாதம். எந்த நேரமும் ஈனலாம்.

நீ எழுதியதைப் படித்ததும் முதலில் திக்கென்றது. பிறகு பெயரைப் பார்த்து ஆறுதலடைந்தேன். நுனிசைவம். நுனிப்புல் மேய்கிற மாதிரி நுனிநாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடுவதுதானே? ஒரு மாதம் என்றும் சொல்கிறாய். மாடுகூடப் புதுத் தீவனத்தை அப்படித்தான் ருசி பார்க்கும்.

உன் அம்மா என் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டாள். “பால்காரர் பொண்ணுக்குப் பால் ஆகாதாம். வெளியே தெரிஞ்சா நாம பாலுல என்னத்தையோ கலக்குறோம்னுல்ல பேசுவாங்க?” என்று காலையிலிருந்து ஒரே பாட்டு.

தேநீருக்கு என்ன ஊற்றுவாய்? அதை எழுது.

அப்பா

•

பிப்ரவரி 19

அன்புள்ள அப்பா,

நுனி இல்லை, நனி! அடுத்தவர் பிழையைத் திருத்திச் சம்பளம் வாங்குகிறவளின் கையெழுத்து இந்த லட்சணம். நனி என்றால் மிகுதி. பழைய செய்யுள்களில் வரும் சொல். நுனிக்கு நேர் எதிர்.

தேநீருக்கு நிலக்கடலைப் பால். ஊறவைத்து, தோல் நீக்கி, அரைத்து, துணியில் வடிகட்டி, கிளறிக்கொண்டே கொதிக்கவிட வேண்டும். முதல் தடவை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போனேன், அடிப்பிடித்துவிட்டது. அறையில் உடன் இருக்கும் நர்ஸ் அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, “இதைக் குடிக்கிறதா, இல்ல போஸ்டர் ஒட்டுறதா?” என்றாள். ஆனாலும் தம்ளரைக் காலி செய்துவிட்டுத்தான் வைத்தாள்.

இது ஒத்திகைதான். நான் இன்னும் தொடங்கவில்லை. அர்த்தம் தெரியாமல் நீங்கள் தந்த சம்மதத்தை வைத்துத் தொடங்க மனம் வரவில்லை. கன்றைப் பற்றிக் கேட்டதையும் நீங்கள் மெல்லத் தாண்டிப் போய்விட்டீர்கள். கோபமா அப்பா?

புழு

•

மார்ச் 3

அன்புள்ள புழுவுக்கு,

கருப்பி ஈன்றுவிட்டாள். காளைக் கன்று. நெற்றியில் வெள்ளை.

கோபம் இல்லை. பதிலை எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

நீ சொன்னபடி கடலைப் பால் செய்து பார்த்தேன். அம்மா முகர்ந்து பார்த்ததோடு சரி. மிச்சத்தைத் தவிட்டில் கலந்து கருப்பிக்கு வைத்தேன். பாத்திரம் உருளுகிற அளவுக்கு நக்கினாள். மாட்டுக்குப் பிடித்துவிட்டது, மனிதர்கள்தான் பாக்கி.

இப்போது உன் கேள்வி. நாலைந்து நாள் கத்தும். சிலது ஒரு வாரம். குரல் கம்மிப் போகும்வரை வாசலையே பார்த்துக் கத்தும். அதற்குப் பிறகு ஓய்ந்துபோய் என் கையை நக்கும். கத்துவதைக்கூடத் தாங்கிக்கொள்வேன், நக்குவதைத்தான் தாங்க முடியாது.

காளைக் கன்றை விற்று வண்டியில் ஏற்றி அனுப்புகிற நாளில் நான் பாலும் தயிரும் தொடுவதில்லை. கறுப்புத் தேநீரோடு சரி. வயிறு சரியில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிடுவேன். “கன்னு போற அன்னிக்கு மட்டும் உங்க வயித்துக்கு எப்படித்தான் தெரியுமோ” என்பாள். அதற்கு மேல் கேட்கமாட்டாள். மறுநாள் வழக்கம்போல் கறப்பேன், வழக்கம்போல் குடிப்பேன். எனக்குத் தெரிந்த தொழில் இது. பிடித்த தொழிலும் இதுதான்.

ஆகவே உன்னுடையது நனி. நான் தப்பாகப் படித்த சொல் எனக்கே இருக்கட்டும்.

நீ இருந்து பார். என்னைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளமாட்டேன். எப்படி இருக்கிறது என்று மட்டும் மறைக்காமல் எழுது. எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

இந்தக் கன்றுக்கும் ஆள் சொல்லியிருக்கிறது. அடுத்த மாதம் வண்டி வரும்.

அப்பா

•

மார்ச் 9

அன்புள்ள அப்பா,

இன்று காலை தொடங்கிவிட்டேன். தேநீரில் பசை வாடை கொஞ்சம் குறைந்திருக்கிறது.

வண்டி வரும் நாளை முன்கூட்டியே எழுதுங்கள். விடுப்புச் சொல்லிவிட்டு வருகிறேன். அன்றைக்கு உங்கள் வயிறு நன்றாகவே இருக்கட்டும். கறுப்புத் தேநீர் நான் போடுகிறேன், நம் இருவருக்கும்.

அம்மாவிடமும் கறுப்புத் தேநீர் வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். அவளுக்கும் சேர்த்துத் தண்ணீர் வைக்கிறேன்.

புழு