பயன்பாடு: இல்லை

வியாசர்பாடி,
புதன்கிழமை.

அன்புள்ள அப்பாவுக்கு,

மகிழினி எழுதுகிறேன். நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். ஜோலார்பேட்டை வெயிலில் தண்டவாளத்தோடு நடக்கும் உங்களுக்குக் கால் வெடிப்பு குறைந்ததா? கொடுத்தனுப்பிய களிம்பை நீங்கள் திறந்தே இருக்க மாட்டீர்கள் என்கிறாள் அம்மா. தினமும் போனில் பேசும்போது இது என்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பீர்கள். நம் ஒற்றை அறையில் போனில் பேசினால் அம்மா காதில் விழும். இது முதலில் உங்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம்.

"எம் பொண்ணு மலை சைக்கிளுக்கு ரோடு போட்டுகினு கீது" என்று நீங்கள் தண்டவாள வேலை கேங்கில் சொன்னதும், "மெட்ராஸ்ல ஏது நைனா மலை?" என்று அவர்கள் சிரித்ததாகச் சொன்னீர்கள். அவர்கள் கேட்டது சரிதான். எண்ணூர்ப் பக்கம் அந்த ஆற்றோரப் பூங்காவில் இருப்பது மலை அல்ல. தூர்வாரிய சேற்றையும் இடித்த கட்டடக் குப்பையையும் கொட்டிக் கொட்டி எழும்பிய மேடு. அதன் மேல் புல் விரித்து, மவுண்டன் பைக் ஓட்டத் தடம் போடுகிறார்கள். எங்கே ஏற வேண்டும், எங்கே வளைய வேண்டும், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று பார்த்து, ஆரஞ்சு ரிப்பன் கட்டிக்கொண்டே போவது என் வேலை.

மண்ணை ஒரு சாண் கிளறினால் டயாபர், கோழிக் கழிவு, ஊசி. மழை விட்ட மறுநாள் மேட்டிலிருந்து கறுப்பாக ஒரு நீர் கசியும். இரண்டு தரம் குளித்தாலும் சோறு பிசையும்போது விரலில் அந்த வாடை வரும். முதல் நாளே எங்கள் மேனேஜர் ஜெஸ்வின் சார் காரிலிருந்து இறங்காமல், "நீ வியாசர்பாடிதானே, உனக்கு இதெல்லாம் பழகியிருக்கும். போய் அளந்துட்டு வா" என்றார். நான் டேப்பை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினேன். எனக்குத்தான் வாய் வராதே. ஆனால் அன்றிலிருந்து, அவர் கார் கதவைத் திறந்தால் வரும் எலுமிச்சை வாசனைதான் எனக்குக் குமட்டுகிறது.

தடம் போடும் முன் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். மேட்டிலிருந்து ஆற்றுக்கு ஒரு ஒற்றையடிப் பாதை இறங்குகிறது. படிவத்தில் அதற்கு நேரே 'தற்போதைய பயன்பாடு' என்று ஒரு கட்டம். குப்பத்துப் பெண்கள் நாலைந்து பேர் குழாயடியில் நின்றார்கள். கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, கையில் அட்டையோடு போய், "இந்தப் பக்கம் யாராவது போவீங்களா?" என்று கேட்டேன். "சீச்சீ, நாங்க யாரும் போறதில்லமா" என்றார்கள். 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாற்றத்தைவிட்டு ஓடினால் போதும் என்றிருந்தது.

போன வாரம் அந்தப் பாதைக்குக் குறுக்கே கம்பி வேலி வந்துவிட்டது. சைக்கிள் தடம் அதன் வழியாகத்தான் இறங்கப் போகிறது. வேலிக்கு அந்தப் பக்கம், அன்று குழாயடியில் நின்ற அஞ்சலாட்சி என்கிற அக்கா, இடுப்பு வரை சேறோடு, ஆற்றில் கையால் தடவிப் பிடித்த இறால் கூடையைத் தூக்கிப் பிடித்தபடி கத்தினார். "இன்னாமே, டெய்லி நாப்பது பொம்பளைங்க எறா தடவப் போற வழி இது. நீ பாட்டுக்குக் கம்பி கட்டிக்கினு கீறியே!"

நீங்கள்தானே யாரும் போவதில்லை என்றீர்கள் என்றேன்.  அவர் கூடை குலுங்கச் சிரித்தார். "அடிப்பாவி! மூக்கப் பொத்திக்கினு வந்து 'போவீங்களா'ன்னா இன்னான்னு நெனைப்போம்? வெளிக்குப் போறதக் கணக்கெடுக்க வந்த பொண்ணுன்னு நெனச்சோம். ஃபைன் போட்டுருவேன்னு இல்லேன்னோம். 'எறாவுக்குப் போவீங்களா'ன்னு கேக்க வாய்ல இன்னா, கொயக்கட்டையா?"

பின்னால் வந்தவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஆறாவது படிக்கும்போது நம் பிளாக்குக்கும் அப்படிக் கணக்கெடுக்க ஒரு அம்மா வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? பொதுக் கக்கூஸ் அடைத்து மாதக்கணக்கில் ஆகியிருந்த சமயம். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "தண்டவாளப் பக்கம் போவீங்களா?" என்று கேட்டார். அம்மா "இல்ல" என்றாள். நானும் கதவுக்குப் பின்னால் நின்று தலையாட்டினேன். அதே கேள்வியை, அதே மாதிரி மூக்கை மூடிக்கொண்டு, நான் போய்க் கேட்டிருக்கிறேன் அப்பா. அந்த மேட்டில் இருக்கும் எதைவிடவும் என்னை நினைத்தால்தான் அருவருப்பாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய் மேட்டின் பின்பக்கம் நடந்து அளந்தேன். இரண்டு வளைவு கூடுதலாகப் போட்டால் போதும். தடம் பாதையைத் தொடாது, சரிவும் குறையும். ரிப்பன்கூடக் கட்டிவிட்டு வந்தேன். மறுநாள் வரைந்து காட்டினால் ஜெஸ்வின் சார் காகிதத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "பின்பக்கம் இறங்குனா ஆறு தெரியாது, போட்டோ நல்லா வராது. அந்தக் கலீஜுங்க சுத்திட்டுப் போகட்டும். யாரும் போறதில்லன்னு நீயே கையெழுத்துப் போட்டிருக்க. அதை மாத்தாத" என்றார். சொல்லிக்கொண்டே கைக்கு சானிடைசர் தேய்த்துக்கொண்டார். சுற்றிப் போனால் மூன்று கிலோமீட்டர். கன்டெய்னர் லாரி போகும் சாலை. தலையில் ஈரக் கூடை.

வரும் திங்கட்கிழமை காலை பூங்காவில் கூட்டம். அதிகாரிகளும் குப்பத்து ஆட்களும் வருவார்கள். எழுதியவள் என்பதால் படிவத்தை நான்தான் வாசிக்க வேண்டும். நேற்று மாலை அந்த 'இல்லை'யை அடித்துவிட்டு, 'உண்டு. தினமும். இறாலுக்குப் போகும் பெண்கள் நாற்பது பேர்' என்று எழுதி, பக்கத்தில் மறுபடி கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சாருக்கு இது தெரியாது. வேலை நிரந்தரமாக எனக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அத்தனை பேர் முன்னால் குரல் வருமா என்பதும் தெரியவில்லை. அஞ்சலாட்சி அக்காவை முன்வரிசையில் உட்காரச் சொன்னேன். "அன்னிக்கும் முழுங்கிகினு நின்னே, நானே வந்து கொயக்கட்டையப் புடுங்குவேன்" என்றார்.

ஒரு முறை தண்டவாளத்தில் விரிசல் என்று சிவப்புக் கொடி காட்டி எக்ஸ்பிரஸை நிறுத்தினீர்கள். இந்தச் சின்ன விரிசலுக்கா என்று மேலதிகாரி ஒருவர் எல்லார் முன்னாலும் திட்டியதாக அம்மா சொன்னாள். அன்று நீங்கள் வீட்டுக்கு வந்து கை கழுவி உட்கார்ந்தீர்கள். இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டுத் தூங்கினீர்கள். திட்டு வாங்கியவருக்கு எப்படி இவ்வளவு பசி என்று எனக்கு அப்போது புரியவில்லை.

இந்தக் கடிதம் சனிக்கிழமைக்குள் வந்துவிடும். அம்மாவுக்கு இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். கேங்கிலும் கொஞ்ச நாள் என் வேலையைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். களிம்பை மட்டும் மறக்காமல் தடவிக்கொள்ளுங்கள்.

திங்கள் சாயங்காலம் போன் செய்யும்போது கூட்டம் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள் அப்பா. சாப்பிட்டாயா என்று மட்டும் கேளுங்கள். இரண்டு தட்டு என்று நான் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்,
ப. மகிழினி