மழைப் பக்கம்

11.10.83 செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. போலீஸ் செக்போஸ்ட்டில் கேட் டூட்டி, காலை 6 முதல் 2. ஒகேனக்கல் ரோட்டில் எங்கள் கொட்டகை மூன்று இடத்தில் ஒழுகுகிறது. குடைக் கம்பி இரண்டு போச்சு. ஓயாத தும்மல்.

வருகிற வண்டியெல்லாம் சேறு. நம்பர் பலகையே தெரியவில்லை. கொட்டுகிற மழையில் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்க்க நான் என்ன கிறுக்கனா? வண்டி நோட்டில் பக்கத்தை வெறுமனே விட்டால் மெமோ. போன மாதம் ஒருத்தன் வாங்கினான். ஆகவே எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். போன செவ்வாய்ப் பக்கத்தைப் பார்த்து அப்படியே இன்றைக்கு எழுதிவிட்டேன். நிமிடத்தை மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளினேன். மொத்தம் பதினொரு வண்டி. எங்களுக்குள் இதற்கு மழைப் பக்கம் என்று பெயர். செவ்வாய்க்கு வருகிறவர்கள் செவ்வாய்க்கு வரத்தான் போகிறார்கள். யாருக்கு என்ன நஷ்டம்.

வாங்க: தைலம், குடைக் கம்பி, பினாயில், ஸ்டெல்லாவுக்கு டாக்டர் எழுதிய டானிக்.

12.10 புதன்

மழை விட்டது. டீக்கடைக்காரர் வழக்கம்போல் ஆணியில் தொங்கும் வண்டி நோட்டைப் புரட்டினார். "எம் மச்சான் வேலைக்குன்னு கெளம்பி எங்கதான் போறான்னு பாக்கறேங்க." பார்க்கட்டும் என்று விட்டேன். டீ நன்றாக இருந்தது.

மதியம் செய்தி வந்தது. நேற்றுக் காலை மேலே காட்டில் வனக்காவலர் ஒருவரை அடித்துக் கட்டிப்போட்டுத் துப்பாக்கியைப் பிடுங்கிப் போயிருக்கிறார்கள். இரண்டு பேர், முகத்தில் துண்டு. அடையாளம் எதுவும் சொல்லத் தெரியவில்லை. போகும்போது மொபெட் சத்தம் கேட்டது என்கிறார்.

ஏட்டு கோவிந்தன் வந்து நோட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டார். "நல்லவேளை அருளு, நேத்துப் பக்கத்தப் பூரா எழுதி வெச்சிருக்கற" என்றார். ஆணியில் புது நோட்டை மாட்டினேன்.

13.10 வியாழன்

நல்ல வெயில். மாட்டு ஆஸ்பத்திரி உதவியாளர் மாதையனைக் காலையில் கூட்டிப் போய்விட்டார்கள். செவ்வாய்க்கிழமை தோறும் மேலூர்களுக்கு மாட்டு ஊசி போடப் போகிறவர். என் மழைப் பக்கத்தில் இருக்கிற ஒரே மொபெட் அவருடையது. 4417. மேலே போனது 7.10, கீழே வந்தது 1.25. என் கையெழுத்து.

ஏப்ரலில் எங்கள் பசு கன்று போட முடியாமல் கிடந்தபோது, முழங்கை வரை கையை விட்டு, திரும்பிக் கிடந்த கன்றை நேராக்கி எடுத்தது இந்த மனுஷன்தான். ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

தபால் கொடுக்க ஸ்டேஷனுக்குப் போனேன். உள்ளே இன்ஸ்பெக்டர் குரல்: "அந்தப் பக்கமே போவலைங்கற. நோட்டுல இருக்குதே! தப்பு பண்ணாதவன் எதுக்குய்யா பொய் சொல்றான்?"

போனேன் என்றிருந்தால் ஊசி போடத்தானே என்று விட்டிருப்பார்களோ என்னவோ. போகவில்லை என்ற உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டார்.

வராந்தாவில் கூட்டி வந்தார்கள். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். என்னைப் பார்த்ததும் அந்த முகத்தில் ஒரு தெம்பு வந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அருள் சார், அன்னிக்குக் கேட்ல நீங்கதானுங்களே இருந்தீங்க? நான் வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

தபாலைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். சே, நானும் ஒரு மனுஷன். ராத்திரி சோறு இறங்கவில்லை.

14.10 வெள்ளி

மேகம். மாதையனின் மனைவி சின்னபாப்பா கேட்டுக்கே வந்துவிட்டாள். கை மடிப்பில் ஒரு பஸ் டிக்கெட். செவ்வாயன்று மழையில் வண்டி கிளம்பவில்லை, ஆஸ்பத்திரியில் சொல்லாமலே பாலக்கோட்டில் தங்கை வீட்டுக்குப் பஸ்ஸில் போனாராம்.

"சட்டப் பாக்கெட்ல இருந்துச்சுங்கண்ணா. நான் கொண்டு போனா தொரத்துறாங்க. நீங்க குடுத்தா வாங்குவாங்க."

ஏட்டிடம் கொடுத்தேன். இப்படியும் அப்படியும் திருப்பினார். "தேதி எங்க இருக்குது இதுல?"

உண்மைதான். பஸ் டிக்கெட்டில் தேதி போடுவதில்லை. நான் எழுதியதில் தேதி, மணி, நிமிடம் எல்லாம் இருக்கிறது. தங்கச்சி சாட்சி சொல்ல வந்தாளே என்றேன். சொந்தக்காரி என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

அப்புறம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். மழைப் பக்கம் என்று. ஏட்டு என் கையைப் பிடித்துக் கட்டடத்துக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"நீ மட்டுமா எழுதின? நானும்தான் எழுதியிருக்கறேன். ஒண்ண உருவுனா மொத்த நோட்டும் போவும். கேட்டு ஆளுங்க ஆறு பேரும் வூட்டுக்குப் போவணும். பேசாம இரு. நோட்டுல இருந்தா நடந்ததுதான்."

நல்ல மனுஷன், எனக்கு லீவு வாங்கிக் கொடுத்தவர்.

15.10 சனி

தூறல். சொன்னால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தேன். சஸ்பெண்டு. குவார்ட்டர்ஸ் காலி. ஸ்டெல்லாவுக்கு ஆறாவது மாதம். அப்பாவுக்கு இருப்பது ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காடு, அதிலும் தம்பிக்குப் பங்கு.

அந்தப் பக்கத்தில் இருக்கிற மற்ற பத்து வண்டிக்காரர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார்கள். பால் வண்டிக்காரர் இன்றைக்குப் போனார். "ஆமாங்க, போனேனுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அன்றைக்கு அவர் வண்டி வந்ததா இல்லையா, எனக்கே தெரியாது. பயத்தில் எல்லோரும் என் பக்கத்தை நிஜமாக்கிக்கொண்டு வருகிறார்கள்.

புது உத்தரவு: திங்கள் முதல் பின்னால் உட்கார்ந்து வருகிறவர் பெயரும் எழுத வேண்டும். தருமபுரிக்கு இரண்டு நகல். நோட்டை இனியாவது பூட்டி வைக்கலாமா என்று கேட்டேன். "ஆணி போதும்யா" என்றார் ஏட்டு.

16.10 ஞாயிறு

பூசைக்குப் போனோம். சாமியார் என்ன பேசினார் என்று தெரியாது. பாவசங்கீர்த்தனக் கூண்டுக்கு முன்னால் மூன்று பேர் காத்திருந்தார்கள். நானும் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

மத்தியானம் வந்து பார்த்தால் ஸ்டெல்லா இந்த டைரியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். செவ்வாய்ப் பக்கம்.

"எழுதி வெச்சிருக்கீங்களே, என்னாங்க இது! அப்படியே இருக்குதே. கிழிச்சிருங்க. யாராவது பார்த்தா நம்ம கதி?"

கிழிக்கிறேன் என்றேன். கிழிக்கவில்லை. தைலம் தீர்ந்துவிட்டது.

17.10 திங்கள்

மூட்டம். இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு டைப் அடித்த தாளைக் காட்டினார். "மேற்படி மாதையன் 7.10 மணிக்கு மொபெட்டில் செல்வதை நேரில் கண்டேன்." பிடித்தது வியாழன் என்றாலும் கைதை எழுத்தில் நாளைக்குத்தான் காட்டப் போகிறார்கள். நாளைக் காலை தருமபுரி கோர்ட்டு. அங்கே கையெழுத்துப் போட்டால் போதும்.

"நல்ல பேர் வாங்கப் போறய்யா" என்றார். இரண்டு தடவை "சரிங்கய்யா" என்றேன்.

வெளியே வரும்போது மாதையன் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். உதடு வீங்கியிருந்தது. இன்றைக்கு என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. யாரோ சொல்லியிருக்கிறார்கள், உனக்கு எதிராகச் சாட்சி அவன்தான் என்று.

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் எல்லாம் சொன்னேன், அந்தக் கையெழுத்தை என்னால் போட முடியாது என்பதையும். அழுதாள். திட்டினாள். பசுவுக்குத் தண்ணி காட்டப் போனவள், கன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

18.10 செவ்வாய்

மறுபடியும் மழை. 6.40. சட்டை இஸ்திரி. பெல்ட்டுக்குப் பாலிஷ். தொண்டை கட்டியிருக்கிறது.

பயமாக இருக்கிறது. ஏட்டு முகத்தில் எப்படி விழிப்பேன்.

ஸ்டெல்லா உரமூட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பையைக் கழுவித் துடைத்து எடுத்து வந்திருக்கிறாள். எதற்கு என்றேன்.

"டைரி நனைஞ்சு மை ஊறிருச்சுன்னா அந்தாளுக்கு வேற என்னா இருக்குது? எழுதி முடிச்சுட்டுக் குடுங்க, சுத்தித் தர்றேன். சட்டைக்குள்ள வெச்சுக்குங்க. நேரா ஜட்ஜு கையில குடுக்கணும், வேற யாரு கேட்டாலும் குடுக்கக் கூடாது."

கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். முக்கில் பஸ் ஹாரன்